பங்கு என்றால் என்ன? ஒரு கத்தோலிக்கப் பங்கின் ஏழு நாட்கள்

(திரையில்: உள்ளங்கையில் அடங்கும் வட்டமான உலோகச் சிமிழ். மூடியில் சிறு சிலுவை.)

வணக்கம். இந்தச் சிமிழைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூடி இறுக்கமாகப் பொருந்தும். உள்பக்கம் பொன்முலாம் பூசியிருக்கிறது. கத்தோலிக்கரின் முக்கிய வழிபாடான திருப்பலி ஞாயிறன்று முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் இதை ஒரு சின்னப் பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் கிளம்பிப் போவார். அவர் போகிற வீட்டில், படுக்கையைவிட்டு எழ முடியாத ஒருவர் காத்திருக்கிறார். சிமிழுக்குள் இருப்பது, சற்று முன்னால் பீடத்தில் அர்ப்பணித்த அப்பம், அதாவது நற்கருணை.

கத்தோலிக்கப் பங்கு எப்படி இயங்குகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தச் சிமிழைத்தான். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

(திரையில்: பங்கு)

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் பங்கு என்றால் பாகம். சொத்தில் பங்கு, உழைப்பில் பங்கு, வர முடியாதவருக்கென்று எடுத்து வைக்கும் பங்கு. ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் இருக்கும் மறைமாவட்டத்தின் ஒரு பாகத்தை ஒரு குருவிடம் ஒப்படைத்தால், அந்தப் பாகம் பங்கு, அந்தக் குரு பங்குத்தந்தை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதற்கு வழங்கும் சொல் பரோய்க்கியா என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேற்றூரில் குடியிருப்பது என்று அதற்குப் பொருள். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்களை இந்த உலகத்தில் தங்கிப்போக வந்தவர்களாக நினைத்தார்கள்.

1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 515-வது சட்டம் பங்கை வரையறுக்கிறது. நிலையாக நிறுவப்பட்ட ஒரு நம்பிக்கையாளர் குழுமம் என்கிறது. கோபுரம், மணி, நிலம் எதுவும் அந்த வரையறையில் கிடையாது. 518-வது சட்டம் எல்லையைப் பற்றிப் பேசுகிறது. பொதுவாக, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் நம்பிக்கையாளர் அத்தனை பேரும் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். அதாவது வருகிறவர், வருவதை நிறுத்திவிட்டவர், வர முடியாதவர் எல்லோரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: கி.பி. 155)

அந்த ஆண்டையொட்டி, உரோமையில் வாழ்ந்த யுஸ்தீன் என்ற ஞானி, கிறிஸ்தவர்கள் மேல் சுமத்தப்பட்ட பழிகளுக்குப் பதிலாக ஒரு விளக்கம் எழுதினார். பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு எழுதியது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறோம் தெரியுமா என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். ஊரிலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறோம். திருத்தூதர்களின் நினைவுக்குறிப்புகளையோ இறைவாக்கினர்களின் எழுத்துகளையோ நேரம் உள்ளவரை வாசிக்கிறோம். தலைவர் அதை விளக்குகிறார். எழுந்து நின்று மன்றாடுகிறோம். அப்பமும் இரசமும் தண்ணீரும் வருகின்றன, தலைவர் நன்றி செலுத்துகிறார், மக்கள் ஆமென் என்கிறார்கள். பகிர்ந்து உண்கிறோம்.

அப்புறம் ஒரு வரி வருகிறது: அங்கே இல்லாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வழியாகக் கொடுத்தனுப்புகிறோம். வசதி உள்ளவர்கள் விருப்பப்படி தருவது தலைவரிடம் சேர்கிறது, அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோரை அவர் கவனித்துக்கொள்கிறார்.

இன்றைக்கு எந்த நாட்டில், எந்த மொழியில் நடக்கும் ஞாயிறு திருப்பலிக்குப் போனாலும் இதே வரிசையைப் பார்க்கலாம். யுஸ்தீன் அந்த வர முடியாதவர்களைக் குறிப்பிட மறக்கவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனதைத் தொடும்.

(திரையில்: வாசக மேடை. நாடா தொங்கும் வாசக நூல்.)

சரி, திருப்பலிக்குள் போவோம். தொடக்கத்தில் சிலுவை அடையாளம், பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கும் செபம், ஞாயிறு என்றால் பெரும்பாலும் வானவர் கீதம். பிறகு வாசகங்கள். பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, பதிலுரைப் பாடல், திருமுகங்கள் எனப்படும் திருத்தூதர் கடிதங்களிலிருந்து ஒன்று, நற்செய்தி. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னால், 1969-ல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலிருந்து ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியாக வருகின்றன. முதல் ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, மூன்றாவது லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை, ஈஸ்டரையொட்டிய பாஸ்கா காலத்தில் அவர் குரலைத்தான் அதிகம் கேட்போம்.

வாசகம் வாசிப்பவர் பங்கைச் சேர்ந்த ஒரு சாதாரண ஆள். ஆசிரியராக இருக்கலாம், கல்லூரி மாணவியாக இருக்கலாம். நல்ல வாசகர் வாரத்தின் நடுவிலேயே அந்தப் பகுதியை வீட்டில் நாலைந்து முறை வாய்விட்டுப் படித்திருப்பார். படிக்காமல் வந்தால் அது மேடையில் ஏறியதுமே தெரிந்துவிடும். பெயர்களில் தடுக்கும், கேள்வி வாக்கியம் சாதாரண வாக்கியமாகிவிடும். கேட்பவர்களில் பலர் அந்த வாரம் விவிலியத்தைக் கேட்பது அந்த ஒரு தடவைதான். அதனால் இந்தப் பணியை இளப்பமாக நினைக்கவே கூடாது என்பேன்.

மறையுரை, விசுவாச அறிக்கை, பொது மன்றாட்டு. அதன்பின் கோயிலின் பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கிருந்துதான் அப்பமும் இரசமும் காணிக்கையும் புறப்படும். மக்கள் கையால் கொண்டுவந்து தருவதை வாங்கித்தான் குரு பீடத்தில் வைக்கிறார்.

(திரையில்: அண்மைக் காட்சி. கிண்ணத்தின் விளிம்பு. ஒரு சொட்டுத் தண்ணீர்.)

இங்கே பலர் கவனிக்காத ஒரு சின்னச் செயல் இருக்கிறது. இரசத்தில் குரு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். விட்டபடியே மெல்லிய குரலில் ஒரு செபம் சொல்கிறார். நம் மனிதத் தன்மையில் பங்குகொள்ளத் தம்மைத் தாழ்த்திய கிறிஸ்துவின் இறைத்தன்மையில் நாமும் பங்குபெற வேண்டும் என்பது அதன் பொருள். விழுந்த சொட்டை இனி யாராலும் பிரித்து எடுக்க முடியாது.

பிறகு நற்கருணை மன்றாட்டு. திருத்தந்தையின், அதாவது போப்பின், பெயரும் அந்த மறைமாவட்ட ஆயரின் பெயரும் அதில் சொல்லப்படும், இறந்தவர்கள் நினைக்கப்படுவார்கள். இயேசு இறுதி இராவுணவில் சொன்ன வார்த்தைகளைக் குரு சொல்லும்போது அப்பமும் இரசமும் அவருடைய உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. வாரம் முழுவதும் பங்கில் நடக்கிற எல்லாமே இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. அடையாளம் மட்டும்தான் என்றால் சிமிழைச் சுமந்துகொண்டு அப்படி ஒருவர் ஏன் போக வேண்டும்?

அப்பத்தைப் பிட்டு, ஒரு சிறு துண்டைக் குரு கிண்ணத்தில் இடுகிறார். இதன் பின்னணியில் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முற்காலத்தில் உரோமை நகரின் பங்குகளில் இருந்த குருக்கள், தங்கள் மக்களைவிட்டு வர முடியாததால் ஞாயிறன்று ஆயரோடு சேர்ந்து பலியிட முடியாது. ஆகவே திருத்தந்தை தம் பலியில் அர்ப்பணித்ததிலிருந்து சிறு பகுதியை அவர்களுக்குக் கொடுத்தனுப்புவார். நாங்கள் வேறு, நீங்கள் வேறு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. புளிப்பு என்று பொருள்படும் பெயர் அதற்கு. கி.பி. 416-ல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதத்தில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது.

நற்கருணை வாங்கும் வரிசையில் பதவிக்கு இடம் கிடையாது. முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவரும் முன்பின்னாக நிற்பார்கள். கிறிஸ்துவின் உடல் என்றதும் இருவரும் சொல்ல வேண்டியது ஒரே ஒரு ஆமென். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே உணவு தவிர்க்க வேண்டும், தண்ணீரும் மருந்தும் இதில் சேராது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த ஒரு மணி நேரக் கணக்கே இல்லை. வரிசையில் போகாமல் இருக்கையிலேயே இருப்பவர்களும் உண்டு, ஆளுக்கொரு காரணம் இருக்கும். அவர்களைத் திரும்பிப் பார்த்துக் கணக்கெடுக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை.

ஞாயிறு திருப்பலி கத்தோலிக்கருக்குக் கடன். சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் அது நிறைவேறும். கடன் என்றதும் சிலருக்குக் கட்டாயம் என்று தோன்றும். கி.பி. 304-ல் வட ஆப்பிரிக்காவின் அபித்தினாவில், பேரரசர் தடை போட்டிருந்தும் ஒரு வீட்டில் ஞாயிறன்று கூடிய 49 பேர் கைதானார்கள். அந்த வீட்டுக்காரர் எமெரித்துஸ். ஏன் இவர்களை உள்ளே விட்டாய் என்று விசாரித்தபோது, ஆண்டவருடைய இந்தக் கொண்டாட்டம் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்றார். கடன் என்ற சொல்லை நான் அவருடைய அந்தப் பதிலோடு சேர்த்தே புரிந்துகொள்கிறேன்.

(திரையில்: வார நாட்கள்)

மற்ற நாட்களை வேகமாகப் பார்த்துவிடலாம். அன்றாடத் திருப்பலிக்கு வருபவர்கள் குறைவு, ஆனால் பெரும்பாலும் அதே முகங்கள். வெள்ளி தவத்தின் நாள். மாதத்தின் முதல் வெள்ளியில் இயேசுவின் திரு இருதய பக்தி. பல பங்குகளில் சனிக்கிழமை ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை. அங்கே கேட்டதைக் குரு உயிர் போனாலும் வெளியில் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, பாடகர் குழுவின் ஒத்திகை, பீடச் சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சி. பங்குப் பேரவை இல்லாத பங்குகள் இருக்கலாம், நிதிக்குழு இல்லாமல் இருக்கக் கூடாது. 537-வது சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மக்கள் போட்ட காணிக்கைக்கு மக்கள் முன்னால் கணக்கு வைப்பது வழிபாட்டின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன்.

அலுவலக அலமாரியில் திருமுழுக்குப் பதிவேடு ஒன்று இருக்கும். குழந்தையின் பெயர் ஏறிய அதே வரிசையில், பின்னாளில் உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கப்படும். அவர் எத்தனை ஊர் மாறினாலும் செய்தி இந்த ஏட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இருபது ஆண்டுகளாகக் கோயில் பக்கம் வராதவரின் பெயரும் அங்கே அப்படியே இருக்கும்.

குழுக்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், வின்சென்ட் தே பவுல் சபை. 1833-ல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. வறியவர்களுக்கு உதவியை அனுப்பிவைப்பதோடு விடாமல், வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முறை. இன்றும் அப்படித்தான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வரிசையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தும், பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியாத பங்குகள் இருக்கின்றன. சமாதானம் சொல்லிக் கை குவிப்போம், வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவோம். ஒருவர் மூன்று வாரம் வரவில்லை என்பதை யாரும் கவனிக்காத இடத்தில் சிமிழை எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது?

(திரையில்: ஒரு சிறு மேசை. வெள்ளைத் துணி, மெழுகுதிரி.)

இப்போது அந்தச் சிமிழோடு போவோம். 1973-லிருந்து, ஆயரின் அனுமதியோடு, குருவாகவோ துறவியாகவோ இல்லாத பொதுநிலையினரும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லலாம். அப்படிப் போகும் ஒரு பணியாளரோடு நானும் ஒரு ஞாயிறு போனேன். மேசையில் துணியை விரித்து, திரி ஏற்றி, சிமிழை நடுவில் வைத்தார். அன்றைய நற்செய்தியிலிருந்து சில வரிகள். இயேசு கற்பித்த செபம். பெரியவருக்கு விழுங்குவது சிரமம், அதனால் ஒரு சிறு துண்டு, பின்னால் ஒரு மடக்குத் தண்ணீர். எல்லாம் பத்து நிமிடம்தான்.

முடிந்ததும் பெரியவர் கண்ணைத் திறந்து கேட்டார்: "இன்னைக்கு நற்கருணைப் பாட்டு என்னம்மா?"

பல வருடம் பாடகர் குழுவில் இருந்தவராம். அந்தப் பணியாளர் பாட்டின் முதல் வரியைச் சொன்னார். பெரியவர் இரண்டாவது வரியை முணுமுணுத்தார். யார் வாசித்தார்கள், புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு என்ன பெயர், அடுத்த தெருவில் அறுவை சிகிச்சை ஆனவர் எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர்களை ஒரு தாளில் எழுதி வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அந்த வாரம் அவர் செபிக்க வேண்டியவர்கள்.

கிளம்பும்போது தலையணைக்கடியிலிருந்து மடித்த உறை ஒன்றை எடுத்து நீட்டினார். அடுத்த ஞாயிறு, கோயிலின் பின்வரிசையிலிருந்து அப்பமும் இரசமும் புறப்பட்டபோது, காணிக்கைக் கூடையில் அந்த உறையும் இருந்தது.