வால்டன் தெருவுக்கும் போய் வாருங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

லண்டனுக்குப் போகிற நம்மவர்கள் ஒரு நாளை ஆக்ஸ்போர்டுக்கு ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். போனவர்களைக் கேட்டால் சினிமாவில் வந்த மாடிப்படி, ராட்கிளிஃப் கேமரா என்ற வட்டமான நூலகக் கட்டடத்தின் குவிமாடம், ஆற்றில் படகுச் சவாரி என்று சொல்வார்கள். நன்றாகப் பார்க்கட்டும், எல்லாமே அழகுதான். ஆனால் ஒரு தமிழர் அவ்வளவு தூரம் போய்விட்டு, வால்டன் தெருவை மிதிக்காமல் திரும்பினார் என்றால் எனக்கு மனசு ஆறாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். அதற்கு முன் அந்த ஊரின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாற்சந்தியான கார்ஃபாக்ஸில் தொடங்குங்கள். 1355 பிப்ரவரி 10 அன்று அங்கே ஒரு மதுக்கடையில் மாணவர்கள் சிலர் ‘இது என்ன மது?’ என்று தகராறு செய்தார்கள். வாய்ச்சண்டை கைகலப்பாகி, ஊரே இரண்டுபட்டது. கலவரத்தில் பல்கலைக்கழகத்தார் 63 பேர் செத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஊர்க்காரர்களிலும் பலர் செத்தார்கள். ஆனாலும் அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றார். மேயரும் ஊர்ப் பெரியவர்களும் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு வந்து, ஆளுக்கு ஒரு பென்னியாக 63 பென்னி கட்ட வேண்டும் என்று தண்டனை. அது 1825 வரை நடந்தது! பல்கலைக்கழகம் ஊருக்குப் பெருமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெருமைக்கு ஊர்க்காரன் நானூற்றெழுபது ஆண்டு தண்டம் கட்டியிருக்கிறான். அழகான கட்டடங்களை அண்ணாந்து பார்க்கும்போது அவனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகம். இதற்கு நேரம் கொடுங்கள், வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப் போகும் சுற்றுக்குச் சீட்டு வாங்குங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் ஹம்ஃபிரி கோமகன் கொடுத்த கையெழுத்துப் படிகளுக்காகக் கட்டிய மாடி அறைதான் அதன் பழைய பகுதி. அடுத்த நூற்றாண்டில் மதச் சீர்திருத்த வேகம் வந்தபோது புத்தகங்களை வாரி வெளியேற்றினார்கள். 1556-இல் மேசைகளைக்கூட விற்றுவிட்டார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் நூலகத்தின் மேசையை விற்கிற நிலை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த வெற்று அறையைத்தான் தாமஸ் பாட்லி எடுத்துக்கொண்டார். அரசின் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மணந்த கைம்பெண்ணின் முதல் கணவர் மத்தி மீன் வியாபாரத்தில் சம்பாதித்த செல்வந்தர். அந்தப் பணமும் சேர்ந்துதான் 1602-இல் நூலகம் திறந்தது. 1610-இல் லண்டன் அச்சகத்தார் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்: அவர்கள் பதிப்பிக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி நூலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஒருமுறை பறிகொடுத்த இடம் என்பதாலோ என்னவோ, அதன்பின் காவல் அவ்வளவு கடுமை. புத்தகம் எவருக்கும் வெளியே போகாது. 1645-இல் உள்நாட்டுப் போர். அரசர் முதலாம் சார்லஸ் ஆக்ஸ்போர்டில் இருந்துதான் ஆட்சி நடத்துகிறார். ஒரு புத்தகம் வேண்டும் என்று ஆளனுப்பினார். நூலகர் விதிகளை எடுத்துப் போய்க் காட்டினார், அரசரும் ஒப்புக்கொண்டார். இன்றும் அங்கே புதிதாகச் சேரும் வாசகர் உறுதிமொழி எடுக்க வேண்டும். புத்தகத்தில் கிறுக்க மாட்டேன், சேதப்படுத்த மாட்டேன், நூலகத்துக்குள் நெருப்பையோ சுடரையோ கொண்டுவர மாட்டேன், அங்கே மூட்டவும் மாட்டேன் என்று உறுதி சொல்கிறார்கள். நெருப்புக்குப் பயந்து 1845 வரை கணப்புக்கூட வைக்கவில்லை. இங்கிலாந்துக் குளிரில் விறைத்துக்கொண்டு படித்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இதுதான்.

பிராட் தெருவில் பேலியோல் கல்லூரி. வாசலுக்கு எதிரே சாலை நடுவில் கல்லால் ஒரு சிலுவைக் குறி இருக்கும். 1555-லும் 1556-லும் மூன்று ஆயர்களை உயிரோடு எரித்த இடம். பார்த்துவிட்டுக் கல்லூரிக்குள் போங்கள்.

நம் ஜி.யு. போப் அங்கேதான் சமயகுருவாக இருந்தார். 1839-இல் தமிழ்நாட்டுக்கு வந்து சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உழைத்தவர், முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886-இல் திருக்குறள் மொழிபெயர்ப்பு, 1893-இல் நாலடியார். பேலியோலின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டிடம் ஒருநாள் திருவாசகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதை அச்சிடுங்கள் என்றார் ஜோவெட். நீண்ட வேலை ஆயிற்றே, எனக்கு ஆயுள் வேண்டாமா என்று போப் தயங்க, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று சொன்னாராம் ஜோவெட். போப்பே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த முன்னுரைக்கு அவர் இட்ட தேதி 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். சொன்னவர் 1893-லேயே போய்விட்டார்.

இனி வால்டன் தெரு. பிராட் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே அரண்மனை போல நிற்பது பல்கலைக்கழக அச்சகம். கிளாரெண்டன் அச்சகம் என்ற பெயரில் போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டது அதுவே. அதே தெருவில் இன்னும் கொஞ்சம் போனால் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை பிரியும். 1908-இல் மறைந்த போப் அங்கே அடக்கமாகியிருக்கிறார்.

நான் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று அந்தக் கல்லில் எழுதியிருப்பதாக எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! கைதட்டல் வாங்கும் வாசகம். கல்லில் அது இல்லை. பெயருக்கும் பட்டத்துக்கும் அடுத்து ‘தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்’ என்று இருக்கிறது. கனடாவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, அங்கேயே இறந்தவருக்கு அப்படி எழுதியிருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியோலின் சமயகுரு என்ற விவரம் வருகிறது. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து, வாழ்நாள் உழைப்பைப் போற்றி அந்தக் கல்லை வைத்ததாகவும் பொறித்திருக்கிறது. கடல் தாண்டிய நன்றி கல்லிலேயே இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு நமக்கு? பேச்சாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: இனி போப்பைப் பற்றிப் பேசும்போது உள்ளதையே சொல்லுங்கள்.

போப்பைப் பார்த்த கையோடு ரயிலுக்கு ஓடிவிடாதீர்கள். ஜோவெட்டின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. திருவாசகத்தை அச்சிடச் சொன்ன மனிதர் அவர். அவருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.