மூன்றரை மணிக்கு எழும்பும் வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் அங்கன்வாடி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் டீச்சர், பிறகு மேற்பார்வையாளர். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். எனக்கு வேறு எதுவும் தெரியாது என்பதால் சரி என்று சொல்லிவிட்டேன்.

நம் மாவட்டம் என்றாலே பெருமையில்தான் பேச்சு தொடங்கும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மூன்று கிலோமீட்டர் போனால் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி. அதனால் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குள் என்ன பெரிய ஏற்றத்தாழ்வு இருந்துவிடப் போகிறது என்று நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன். ஆனால் மாநில அளவில் 2019-21இல் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஐம்பத்தேழு பேருக்கு ரத்தசோகை. இலவச மதிய உணவுக்குப் பெயர் வாங்கிய மாநிலத்தின் கணக்கு இது.

வீடுவீடாகப் போகும்போது நான் கேட்கிற கேள்விகள் எல்லாம் பதிவேட்டில் அச்சடித்திருக்கும். தடுப்பூசி போட்டாச்சா, சத்துமாவு வாங்கினீங்களா, எடை என்ன. அதில் இல்லாத ஒரு கேள்வியை ரொம்ப காலம் கழித்துத்தான் கேட்கப் பழகினேன். "உங்க வீட்டுல எத்தனை மணிக்கு எழும்புவீங்க?"

குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் இந்தக் கேள்விக்கு மூன்றரை என்று பதில் வரும். ரப்பர் வெட்டுகிற வீடு அது. வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்கிவிட வேண்டும். வெட்டி முடித்து, சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, உறைய வைத்து, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கி வீடு திரும்ப பகல் பதினொன்று ஆகிவிடும். பல வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போவார்கள். அதுவரை பிள்ளை யாரிடம்? அம்மச்சி, அதாவது பாட்டி, இருந்தால் அம்மச்சியிடம். இல்லாவிட்டால் ஏழு வயது அக்காளிடம். அவளும் எட்டரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். அங்கன்வாடி திறப்பதற்குள் அந்தப் பிள்ளையின் நாளில் பாதி கழிந்திருக்கும்.

சத்துமாவு எல்லா வீட்டுக்கும் ஒரே பாக்கெட்தான். முட்டையும் அப்படியே. சமமில்லாமல் கிடைப்பது பெரியவர்களுடைய நேரம். ஒரு பிள்ளைக்கு அம்மா, அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று நாள் முழுக்க நாலு முகம். இன்னொன்றுக்குக் கூரையும் மின்விசிறியும்தான்.

இது வெறும் மனவருத்தம் சார்ந்த விஷயம் இல்லை. பிறந்த முதல் சில வருடங்களில் மூளையில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நரம்பு இணைப்புகள் உண்டாகின்றன என்கிறார்கள். பிள்ளை "ங்கா" என்று ஒரு சத்தம் போடும். நாம் அதைப் பார்த்து "என்ன மக்கா?" என்று திருப்பிக் கேட்போம். அது மறுபடி சத்தம் போடும். இந்தப் போக்குவரத்தில்தான் அந்த இணைப்புகள் உறுதிப்படும். பதில் வராத இடத்தில் பிள்ளை கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடாது. "நம்ம பிள்ளை ரொம்ப சாது, அழவே செய்யாது" என்று பெருமையாகச் சொன்ன சில வீடுகளில் எனக்குப் பயம் வந்திருக்கிறது.

ஜமைக்கா என்று ஒரு தீவு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில் 1986-87 வாக்கில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். நாலு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சத்துணவு, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர், ஒரு பிரிவுக்கு இரண்டும், இன்னொன்றுக்கு இரண்டும் இல்லை. அந்தப் பணியாளர் என்ன செய்தார்? கையால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்த விளையாட்டு கிடைத்த பிள்ளைகள், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களுக்கு அந்த ஆதாயம் நிலைக்கவில்லை.

இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை வருடமும் முட்டை எண்ணியிருக்கிறேன். பேசினீர்களா என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை.

அதற்காக முட்டையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு எடைத் தராசையும் முட்டை அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு படகில் போயிருக்கிறேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டால் படகு போகாத நாளும் உண்டு. அந்த முட்டை அங்கே போய்ச் சேரத்தான் வேண்டும். பசித்த பிள்ளை விளையாடாது.

சாப்பாட்டில் நம் ஊர்க் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கட்டன் சாயாவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், பிஸ்கட்டைத் தோய்த்து ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது. அவசரத்துக்கு எளிது, பிள்ளையும் வாயை மூடிவிடும். ஆனால் சாயாவில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், புரதம் குறைவு. கிழங்கோடு நாலு சாளை மீனை முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தால் கதையே வேறு. ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, உலர்த்திப் பொடித்துக் கூழ் காய்ச்சும் பழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதானே. இப்போது கடையில் டப்பா வாங்குவதுதான் கௌரவம் என்றாகிவிட்டது.

அடுத்து அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை ஆலை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லாண்டி என்கிற முந்திரிக்கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொத்துவிடும், தோல் கறுத்து உரியும். ஒரு வீட்டில், பதினெட்டு மாதப் பையன். எடை சரியாக இருந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அம்மா சாயங்காலம் வந்து, பையனைப் பார்த்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஏன் பிள்ளையை எடுக்கவில்லை என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "டீச்சரே, இந்தக் கைய வச்சு எப்பிடி அவனத் தொடுவேன்? அவனுக்க தோலு பொத்திராதா?" சோறு ஊட்டுவதும் அம்மச்சிதான், தூங்க வைப்பதும் அம்மச்சிதான். அம்மச்சிக்கு முட்டுவலி, பையன் கையில் செல்போன்.

கையைத் தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தொட வேண்டாம், வாயால் பேசு என்றேன். அண்டி ஆபீஸில் இன்றைக்கு யார் யார் சண்டை போட்டார்கள் என்று சொல்லு, அது போதும். சிரித்தாள். மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்தப் பையன் சொன்ன முதல் வார்த்தைகளில் ஒன்று ஒரு சக தொழிலாளியின் பெயர்!

செல்போன் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பதினொரு மணிநேரம் வீட்டில் இல்லாத அம்மாவிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வருவதில் எனக்குச் சங்கடம் உண்டு. குற்றம் அவளுடையது மட்டுமா? ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் வருடத்துச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு 1951இல் தனிச்சட்டமே வந்தது. ஒரு தோட்டத்துக் காப்பகத்தை நான் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம். சுவரில் அணில் படம், தொட்டில் கட்டும் கொக்கி எல்லாம் இருந்தது. தரையில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் வருவதில்லையே மேடம் என்றார் கணக்குப்பிள்ளை. எப்படி வரும்? அதைத் திறப்பது எட்டரைக்கு.

என்னிடம் கேட்டால், மேற்குக் குமரியில் முதலில் வேண்டியது விடியற்காலை நாலு மணிக்குத் திறக்கிற காப்பகம். பெரிய கட்டிடம் வேண்டாம். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை, பாய், வெளிச்சம், தண்ணீர், சம்பளம் வாங்குகிற இரண்டு பெண்கள். கடற்கரையில் கணக்கு வேறு. தூத்தூர்ப் பக்கத்து அப்பாமார் ஆழ்கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் வர மாட்டார்கள், அம்மா கூடையோடு மீன் விற்கப் போயிருப்பாள். ஒக்கிப் புயலில் அப்பாவை இழந்த பிள்ளைகளும் அங்கே உண்டு. எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் பூட்டினால் சமத்துவம் ஆகிவிடாது.

நம் முன்னோர் இதில் விவரமானவர்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி கொட்டுவது, ஒரு வயதை ஒட்டி வருகை. நாங்கள் அட்டையில் டிக் அடிப்பதும் அதேதான், தலை தூக்குகிறதா, கை தட்டுகிறதா, நடக்கிறதா. ஒன்பது மாதம் தாண்டியும் கை தட்டும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காத பிள்ளையை, "அவங்க அப்பனும் இப்பிடித்தான்" என்று விட்டுவிடாமல் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். காது கேட்கிறதா என்று பார்த்துவிடலாம். சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் ஒரு பால்வெட்டுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையோடு விளையாடச் சொல்லி அவரை நான் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்த காலம். "நான் விளையாடுகேன் டீச்சரே" என்றார். எப்படி என்று கேட்டேன். வேலைக்குக் கிளம்பும்போது தலை விளக்கைப் போட்டுச் சுவரில் விரலால் முயல், நாய், கொக்கு என்று நிழல் காட்டுவாராம். இரண்டு வயது மகள் அதற்காகவே எழுந்து உட்கார்ந்து, கொக்கு கொக்கு என்று கத்துவாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் மணி உறைத்தது. மூன்றரைக்கா பிள்ளையை எழுப்புகிறீர், அவள் தூங்க வேண்டாமா என்று நன்றாக ஏசினேன். கொக்கை ராத்திரி ஏழு மணிக்கு மாற்றிக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். மாற்றினாரா என்று போய்ப் பார்க்கத்தான் இன்னும் வாய்க்கவில்லை.

வணக்கம்.