செவலைக்குப் பகல் காப்பகம் கிடைச்சாச்சு! (அந்த 50 ரூபாய்க் கதையும்)

வணக்கம்ங்க. செவலை எங்கே, வீடியோவில் ஆளையே காணோமே என்று கேட்டிருந்தீர்கள். என் சிப்பிப்பாறை நாய் செவலை இப்போது பகல் காப்பகத்தில் இருக்கிறான். ஊரில் சொன்னால், "நாய்க்குப் பால்வாடியா?" என்கிறார்கள். ஆமாங்க, பால்வாடியேதான். இனி வாரத்தில் பாதி நாள் நான் கோயம்புத்தூர் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். காலையில் கிளம்பினால் உடுமலை திரும்ப ராத்திரி ஆகிவிடும். சிப்பிப்பாறை என்பது ஓட்டத்துக்கும் முயல் வேட்டைக்குமே வளர்த்த இனம். அதைப் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட எனக்கு மனசு வராது.

முதலில் என் கடுப்பைக் கொட்டிவிடுகிறேன். மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு இடம் பார்த்தேன். ஏசி ரூம், சுவரெல்லாம் பொம்மைப் படம். நாளுக்கு 500 ரூபாய். சரி, போகட்டும். சாப்பாடு நாமே கட்டிக் கொடுத்தாலும் அதைத் தட்டில் போட 50 ரூபாய் தனியாம்! தயிர்ச்சோறும் வேகவைத்த கோழியும் டப்பாவில் நான் தருகிறேன், கவிழ்த்து வைக்க 50 ரூபாயா? "பாத்திரம் கழுவணும்ல மேடம்" என்றார்கள். தட்டையும் கொண்டுவருகிறேன், சாயங்காலம் நானே கழுவிக்கொள்கிறேன் என்றேன். அப்பவும் 50தான். அந்தக் காசுக்கு அவனுக்கு ஏழு முட்டை வாங்கிப் போடுவேன்ங்க. அதைவிடப் பெரிய கோபம், தடுப்பூசி போட்டதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் கிடைத்ததுதான் இந்தத் தென்னந்தோப்பு. ஏசி கிடையாது, நல்ல நிழல். 350 ரூபாய், தட்டில் போடக் காசு இல்லை! அதை நடத்துகிற அக்கா கேட்டிலேயே, "தடுப்பூசி நோட்டு கொண்டுவந்தீங்களா?" என்றார். அங்கேயே எனக்குப் பிடித்துப்போனது. ரேபிஸ் ஊசித் தேதி, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், அடுத்த தவணை எல்லாம் பார்த்தார். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசியோடு லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசியும் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டார். தோப்பில் எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரில் லெப்டோ பரவும், மனிதர்களுக்கும் வரும். கூட்டமாக நாய்கள் இருக்கும் இடத்தில் கென்னல் காஃப் (நாய்க்கு நாய் தொற்றும் இருமல்) ஊசியும் வேண்டும் என்றார். போட்ட உடனே பாதுகாப்பு வந்துவிடாது, அதனால் முதல் நாளுக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் உண்ணி. காது மடலைத் திருப்பினார், கால்விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்து மூக்கில் ரத்தம்கூட வரும். ஒரு நாயிடம் உண்ணியை விட்டால் எல்லா நாய்க்கும் ஏறிவிடும். இப்படிக் கறாராக இருக்கும் இடத்தில்தான் நம்பி விடலாம்.

அட, வேலியைச் சொல்ல விட்டுப்போச்சே! கம்பி வலை 6 அடி உயரம், அடியில் தோண்ட முடியாதபடி கான்கிரீட். கேட் இரண்டு, ஒன்றைச் சாத்தினால்தான் மற்றதைத் திறப்பார்கள். வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் மற்றதெல்லாம் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

பாம்பு கடித்தால் எங்கே கொண்டுபோவீர்கள் என்றும் கேட்டேன். தோப்பு என்றால் கண்ணாடி விரியன் இல்லாமலா? விஷமுறிவு மருந்து எந்த டாக்டரிடம் இருக்கிறது என்று விசாரித்து, நம்பரைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் அரை நாள் மட்டும் விட்டேன். அவன் படுக்கும் பழைய போர்வை, வழக்கமான சாப்பாடு, இரண்டும் கூடவே போகட்டும். திடீரென்று தீனி மாறினால் வயிற்றால் போகும். விடும்போது கொஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள், கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, கழுத்துப் பட்டை. இவனுக்குத் தலை சின்னது, சாதாரணப் பட்டை என்றால் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு ஓடிவிடுவான். இழுத்தால் தானே இறுகும் மார்டிங்கேல் பட்டைதான் இப்போது போட்டிருக்கிறேன். கன்னி, ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் என்ன பட்டை போடுகிறீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கீழே சொல்லுங்கள். எனக்கு இன்னொன்று வாங்க வேண்டும்.