கர்ப்பப்பை வாய்: யார் சொன்னால் திறக்கும்?

(திரையில்: ஒரு முகம், மூக்கு நுனியைத் தொடும் விரல்)

வணக்கம். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் மூக்கு நுனியைத் தொட்டு அழுத்திப் பாருங்கள். லேசாக வளைந்தாலும் கெட்டியாக இருக்கிறது, இல்லையா? சரி, இப்போது உதட்டைத் தொடுங்கள். கர்ப்பம் இல்லாதபோது கர்ப்பப்பை வாய் மூக்கு நுனி மாதிரி இருக்கும். கர்ப்பமான சில வாரங்களிலேயே உதடு மாதிரி மெத்தென்று ஆகத் தொடங்கிவிடும். மருத்துவ மாணவர்களுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

(திரையில்: கவிழ்த்து வைத்த பை, கீழே குறுகிய கழுத்து)

கழுத்து குறுகிய ஒரு பையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருப்பது கர்ப்பப்பை. பையின் சுவர் கனமான தசை. கீழே 3 முதல் 4 செ.மீ. நீளத்தில் இருக்கும் கழுத்துதான் கர்ப்பப்பை வாய். அங்கே தசை குறைவு, பெரும்பகுதி கொலாஜன் நார்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தசைக்கு உத்தரவு போட்டால் அந்த நொடியே சுருங்கும். நார் அப்படிக் கேட்காது. முறுக்கிய கயிறுபோல, புரி தளர்ந்தால்தான் இளகும். அதற்கு நாளாகும்.

முதலில் காவல் காக்கும் ஹார்மோன், புரோஜெஸ்டிரோன். ஆரம்ப வாரங்களில் சினைப்பையிலிருந்து வருகிறது, அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. இது கர்ப்பப்பைத் தசையை அமைதியாக வைத்திருக்கும், வாயையும் மூடியே வைத்திருக்கும். வாய்க்குள் ஊறும் சளியைக் கெட்டியாக்கி ஒரு தக்கைபோல அடைத்தும் வைக்கிறது. கடைசி நாட்களில் அந்தத் தக்கை, இளஞ்சிவப்புக் கோடுகளோடு வெளியே வரும்போது பலர் பதறிவிடுவார்கள். அது வந்த அன்றே வலி வரவேண்டும் என்பதில்லை, சில நாட்கள்கூட ஆகலாம். ஆனால் இரத்தம் அதிகமாகப் போனாலோ, தண்ணீர் உடைந்தாலோ, மாதம் நிறையாமலேயே இப்படி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

24 வாரத்துக்குள் ஸ்கேனில் வாயின் நீளம் 25 மி.மீ.க்குக் குறைவாகத் தெரிந்தால், பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் பல மருத்துவர்கள் தருவார்கள். குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போட அதே காவல்காரனுக்குத் துணையாக இன்னும் கொஞ்சம் ஆள் அனுப்புவது மாதிரி.

அப்படியானால் பிரசவ நேரத்தில் புரோஜெஸ்டிரோன் குறைந்துவிடுமா? ஆட்டுக்கு அப்படித்தான் நடக்கும். இரத்தத்தில் அளவு இறங்கும், குட்டி பிறக்கும். மனிதர்களில் அப்படி இல்லை என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம். நஞ்சுக்கொடி வெளியே வரும்வரை இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஏராளமாகவே இருக்கிறது. மாறுவது அதன் பேச்சைக் கேட்கும் ஏற்பிகள். காவல்காரன் கத்திக்கொண்டேதான் இருக்கிறான், கேட்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்து இதைத்தான் செயற்கையாகச் செய்கிறது. ஹார்மோனைக் குறைக்காமல் ஏற்பியை மட்டும் அடைக்கும், வாய் இளகத் தொடங்கிவிடும்.

(திரையில்: இறுக்கமான நார்க்கட்டுகள் மெல்லப் பிரிகின்றன)

காவல் தளர்ந்ததும் வேலையில் இறங்குவது புராஸ்டாகிளாண்டின்கள் என்ற ஹார்மோன் போன்ற பொருட்கள். முதலில் விந்துத் திரவத்தில் கண்டுபிடித்து, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து வைத்த பெயர். பனிக்குடச் சவ்விலும் கர்ப்பப்பை வாயிலுமே இவை சுரக்கின்றன. நார்க்கட்டுகளுக்கு இடையே ஹையலுரோனிக் அமிலம் சேர்ந்து தண்ணீரை இழுத்துவைக்கும். இறுகிக் கிடந்த நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். வாய் இளகும், குட்டையாகும், மெலியும். வெளியே ஒரு வலிகூடத் தெரியாமலேயே இதில் பாதி வேலை முடிந்திருக்கும். பிரசவத்தைத் தூண்ட ‘ஜெல்’ வைப்பார்கள் அல்லவா? அதில் இருப்பது டைனோபிராஸ்டோன், அதாவது இதே புராஸ்டாகிளாண்டின் ஈ2.

கடைசியில்தான் ஆக்ஸிடோசின் வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த ‘வலி ஊசி’. இது முக்கியமாகப் பேசுவது மேலே இருக்கும் தசையோடு. தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் கொஞ்சம் குட்டையாகிறது, வாயை மேல்நோக்கி இழுக்கிறது. கழுத்து மூடிய ஸ்வெட்டரைத் தலைவழியாகப் போடும்போது கழுத்துப் பட்டி விரிந்து இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டி இளகியிருந்தால் தலை சுலபமாக நுழையும், விறைப்பாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் சிக்கும். அதனால்தான் வாய் இளகிப் பழுக்காத நிலையில் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால் மணிக்கணக்கில் வலி இருக்கும், திறப்பு நகராது. “ஏன் நேரடியாக ஊசி போடவில்லை, ஜெல் வைத்துக் காத்திருக்கச் சொல்கிறார்கள்?” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். 1964-இல் வந்த பிஷப் ஸ்கோர் அளப்பதும் இந்தப் பக்குவத்தைத்தான்: வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, மெலிந்திருக்கிறது, இளகியிருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது.

வாய் இளகிய பிறகு வேகம் தானாகக் கூடும். தலை வாயை அழுத்த, நரம்புகள் மூளைக்குச் சேதி சொல்ல, மூளை இன்னும் ஆக்ஸிடோசினை விட, சுருக்கம் பலமாகி தலை மேலும் அழுத்தும். திறப்பு 10 செ.மீ. ஆகி, குழந்தை பிறக்கும்வரை இந்தச் சுற்றுதான். குழந்தை வெளியே வந்ததும் அழுத்தம் போய், சுற்று அறுந்துவிடும்.

நஞ்சுக்கொடியும் வந்த பிறகு ஹார்மோன்கள் சரசரவென்று இறங்கும். அடுத்த சில வாரங்களில் வாய் மறுபடி இறுகும். ஆனால் பழைய வடிவத்துக்கு முழுதாகத் திரும்பாது. முன்பு புள்ளிபோல வட்டமாக இருந்த வெளித்துளை, சுகப்பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் குறுக்கே கிழித்த ஒரு கோடாகவே நின்றுவிடும்.