தப்புக்கும் கண்ணுக்கும் இடையே ஓராண்டு

நண்பர்களே, வணக்கம்.

இந்த மேசைமேல் இரண்டு போர்வைகளை மடித்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒட்டுத்துணிப் போர்வைகள், அதாவது க்வில்ட். ஒன்று நான் முதன்முதலில் தைத்து முடித்தது. மற்றது அதற்கு ஓராண்டு கழித்து முடித்தது. இரண்டுக்கும் நடுவே என் கைக்கும் கண்ணுக்கும் என்ன நேர்ந்தது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஓராண்டில் கை வேகம் கொஞ்சம் கூடியது, உண்மைதான். அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. தப்பு செய்வதற்கும் அந்தத் தப்பைக் கண்டுகொள்வதற்கும் இடையே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. முதல் போர்வையில் தப்பு எப்போது தெரிந்தது தெரியுமா? எல்லாம் முடித்து, துவைத்துக் காயப்போட்ட பிறகு. சில மாதம் கழித்து இஸ்திரிப் பலகையிலேயே தெரியத் தொடங்கியது. இப்போது பல நாள், துணியில் கத்தி வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கற்றுக்கொள்வது என்றால் எனக்கு இதுதான்.

இந்த வேலை பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. க்வில்ட் மூன்று அடுக்கு. துண்டுகளை இணைத்துச் செய்த மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்துப் பிடிப்பதுதான் க்வில்டிங். கடைசியில் சுற்றிலும் பட்டி வைத்து ஓரத்தை மூடுவோம்.

துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு ஓரத்தில் விடும் துணி கால் அங்குலம். உலகம் முழுக்க க்வில்ட் தைப்பவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு அது. என் முதல் போர்வையில் ஒரு வரிசைக்கு ஒன்பது சிறு கட்டங்கள், அடுத்த வரிசைக்கு மூன்றே பெரிய துண்டுகள். சிறியவற்றை இரண்டரை அங்குலத்துக்கும் பெரியவற்றை ஆறரை அங்குலத்துக்கும் வெட்டினேன். கணக்குப்படி இரண்டு வரிசையும் தைத்து முடிந்ததும் ஒரே நீளம் வர வேண்டும். வரவில்லை. கட்ட வரிசை முக்கால் அங்குலம் குட்டையாக நின்றது.

ஏன் என்று அன்று புரியவில்லை. அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கும் நம் பழைய கணக்கில் பார்த்தால் உடனே புரியும். கால் அங்குலத்துக்குப் பதில் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைத்துவிட்டேன். இரண்டு துண்டிலும் அரை அரை நூல் போனால் ஒரு தையலுக்கு ஒரு நூல் நஷ்டம். ஒன்பது கட்டத்துக்கு எட்டுத் தையல், எட்டு நூல், முழுசாக ஓர் அங்குலம். மூன்று துண்டுக்கு இரண்டே தையல், இரண்டு நூல்தான் போனது. வித்தியாசம் ஆறு நூல். கண்ணுக்கே தெரியாத அரை நூல் இப்படித்தான் பெருகுகிறது.

நான் என்ன செய்தேன்? இழுத்துப் பிடித்துத் தைத்தேன். இழுத்தும் எட்டாத இடத்தில் ஓரத்தின் விளிம்புக்கே தையலைக் கொண்டுபோனேன். முதல் துவையலில் பஞ்சு அடுக்கு சுருங்கியது. பருத்திப் பஞ்சு என்றால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது சாதாரணம். இழுபட்டு நின்ற தையல் அந்தச் சுருக்கத்தைத் தாங்கவில்லை, விளிம்பு பிரிந்து வாயைத் திறந்தது. அன்று நான் அழுதேன். இன்றும் அந்த இடத்தைத் தடவினால் விரலுக்குத் தெரிகிறது.

அதற்குப் பிறகு வந்த முதல் பழக்கம் இது. புது வேலை தொடங்கும்போதெல்லாம் ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துணிப்பட்டைகளை இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பார்ப்பேன். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் என் கால் அங்குலம் உண்மையான கால் அங்குலம். மடிப்பு திரும்பும் இடம் ஓரிரு இழையைத் தின்றுவிடும். அதனால் ஊசி கால் அங்குலக் கோட்டைவிட ஒரு மயிரிழை துணியின் விளிம்புப் பக்கமாகப் போக வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இந்த ஐந்து நிமிடம் எனக்கு எத்தனை மாலைகளைத் திருப்பித் தந்திருக்கிறது என்று சொல்லி முடியாது.

இஸ்திரியிலும் ஒரு பாடம். நான் சட்டை தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தேன். துணி நகர்ந்தது, சதுரம் சாய்ந்தது. இப்போது பெட்டியைத் தூக்கி வைக்கிறேன், ஒரு மூச்சு பொறுக்கிறேன், தூக்குகிறேன். தைத்த ஓரத்தை முதலில் மூடியபடியே ஒரு அழுத்தம், பிறகு திருப்பி ஒரு அழுத்தம். ஒரு வரிசையின் தையல் ஓரங்களை வலப்பக்கமும் அடுத்த வரிசையினதை இடப்பக்கமும் சாய்த்துவிட்டால், இரண்டையும் சேர்க்கும் இடத்தில் ஒன்றோடொன்று பூட்டுப்போல உட்காரும். விரல் நுனியால் அந்தச் சந்திப்பைத் தேடுங்கள். மேடும் மேடும் உரசி, சட்டென்று ஒரு பள்ளத்தில் விழும். அந்தச் சின்ன விழுகையை விரல் முதன்முதலாக உணர்ந்த நாள் என் ஆண்டின் நல்ல நாட்களில் ஒன்று.

முக்கோணத்துக்கு வருகிறேன். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் அந்த வெட்டு பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே போகிறது. தையல்காரர்கள் கிராஸ் என்பார்கள். அந்த ஓரம் ரப்பர்போல இழுபடும். இரண்டு முக்கோணம் சேர்ந்து மூன்று அங்குலச் சதுரம் ஆக வேண்டுமென்றால் தொடக்கச் சதுரம் மூன்று அங்குலம் ஏழு நூல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நான் நான்கு அங்குலமாகவே வெட்டுகிறேன். தைத்துவிட்டு, சுற்றிலும் தையலுக்கு விடும் கால் அங்குலத்தையும் சேர்த்து மூன்றரைக்குச் செதுக்கிக்கொள்கிறேன். துணி கொஞ்சம் வீண்தான். கூர் மாறாத மூலைக்கு அது தகும் என்பது என் தீர்ப்பு.

வெட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது சக்கரக் கத்தியை விட முடியாது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அதைக் கொண்டுவந்தது. உடை தைப்பவர்களை நினைத்துச் செய்த கருவி க்வில்ட் தைப்பவர்கள் கைக்கு வந்து அவர்கள் வேலையையே மாற்றிவிட்டது. நாலைந்து மடிப்பை ஒரே இழுப்பில் நேராக வெட்டலாம். நாலைந்து மடிப்பையும் ஒரே இழுப்பில் தப்பாகவும் வெட்டலாம். விலை கொடுத்து வாங்கிய ஒரு மாதிரித்தாளில் ஓர் அளவு தப்பாக அச்சாகியிருந்தது. அதை நம்பி மொத்தத் துணியையும் ஒரே நாளில் வெட்டிவிட்டேன். அன்றிலிருந்து யார் தந்த அளவானாலும் சரி, ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் வெட்டி, தைத்து, அளந்து பார்த்த பிறகுதான் மிச்சத்தைத் தொடுகிறேன்.

தையலைப் பிரிப்பது எனக்குத் தண்டனையாக இருந்தது. கோபத்தில் பிய்த்து இழுப்பேன், துணி ஓட்டை விழும். இப்போது ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக, தையல் பிரிக்கும் கருவியின் முனையால் வெட்டிக்கொண்டே போவேன். திருப்பி மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் ஒரே நீளமாக உருவிக்கொண்டு வரும். ராத்திரி களைத்துப்போன நேரத்தில் பிரிப்பதில்லை என்றொரு விதியும் வைத்திருக்கிறேன். களைப்பில் பிரித்ததை மறுநாள் ஒட்டுப்போட வேண்டிவரும்.

கையால் க்வில்ட் தைக்கும் கட்டத்தை நான் ஆண்டின் பிற்பாதியில்தான் தொட்டேன். அதற்கென்று குட்டை ஊசி இருக்கிறது. எண் ஏற ஏற ஊசி குட்டையாகும். மேல்கையின் நடுவிரலில் விரல்கவசம், கீழ்க்கை துணிக்கு அடியில். ஊசி முனை மூன்று அடுக்கையும் தாண்டி அடிவிரலைத் தொடுகிற அந்தக் கணத்தில் விரல் அதை மேலே தள்ள வேண்டும். குத்த விடக் கூடாது, தொட விட வேண்டும். முதல் வாரம் விரலில் ரத்தம். பிறகு அங்கே தோல் கொஞ்சம் தடித்தது. ஆனால் தடித்த தோல் வழியாகவும் முனை வந்துவிட்டதென்று விரல் சொல்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட வேண்டும் என்று தவித்தேன். எனக்கு ஆறுதான் வந்தது. ஆறும் ஒரே அளவாக இருந்தால் வரி அழகாகத்தான் ஓடுகிறது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழும். எல்லாம் நேராக, அளவாக வருவதுதான் க்வில்டா? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல் வேலையில் தேய்ந்த உடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை சுவரில் தொங்கின. பிறகு நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்துக்கும் போயின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றில் பத்தைத் தபால்தலையாக்கியது.

அவற்றின் படங்களை நான் மணிக்கணக்காகப் பார்த்தேன். கோடுகள் சாய்கின்றன, பட்டைகள் அகலம் மாறுகின்றன, ஒரு மூலையில் திடீரென்று ஒரு சிவப்பு. என் முதல் போர்வையிலும் கோடு சாய்ந்திருந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாமல் சாய்ந்தது. அவர்கள் கோடு, சாய்வதைப் பார்த்துக்கொண்டே தைத்த கோடு. அந்த வேறுபாடு புரிந்த பிறகுதான் எந்தத் தப்பைப் பிரிப்பது, எதை விட்டுவைப்பது என்று என்னால் தீர்மானிக்க முடிந்தது. தாங்க வேண்டிய இடத்தில் தையல் பலவீனம் என்றால் பிரிக்கிறேன். வடிவம் ஒரு நூல் விலகியிருந்தால் நான்கடி தள்ளி நின்று பார்க்கிறேன். பாதிக்கு மேல் விட்டுவிடுகிறேன்.

இன்னொரு பழக்கம், அடித்துணியின் மூலையில் ஒரு சின்னத் துணியில் பெயரும் ஆண்டும் எழுதித் தைப்பது. அருங்காட்சியகங்களிலேகூட எத்தனையோ பழைய போர்வைகளுக்குத் தைத்தவர் பெயர் இல்லை. அத்தனை ஆயிரம் தையல் போட்ட கை யாருடையது என்று கேட்டால் பதில் கிடையாது. அது எனக்குத் தாங்கவில்லை.

இப்போது இரண்டு போர்வைகளையும் கீழே அனுப்புகிறேன். கை வைத்துப் பாருங்கள், இழுத்தும் பாருங்கள். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வேலை அங்கேதான் தெரியும். முதலாவதில் பிரிந்த ஓரத்தை நான் இன்னும் தைக்கவில்லை. இரண்டாவதில் நீலக் கட்டம் ஒன்று தலைகீழாக இருக்கிறது. அதை மேல்துணி இணைக்கும்போதே பார்த்துவிட்டேன். எங்கே என்று தேடிச் சொல்லுங்கள்.

நன்றி.