மாற வேண்டியது மனமா, முறையா? முறையே!

நடுவர் அவர்களே, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மண்டபம் ஊர் மக்களே, வணக்கம்.

வேலையில் வரும் மன அழுத்தம் தீர மாற வேண்டியது மனமா, முறையா? 'மனமே' என்று பேசிய எதிரணித் தங்கச்சி, தினமும் பத்து நிமிடம் கடற்கரையில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். நல்ல யோசனைதான். கருவாடு காயும் பக்கம் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள் தங்கச்சி.

என் மதினி இராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் உட்காருவார். அதுவும் பஸ்ஸில், சீட் கிடைத்தால். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தக் கடையிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். அடுத்த வாரமே அதன்மேல் நைட்டிக் கட்டு ஏறிவிட்டது. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் மட்டும் கட்டு இறங்கும். வீட்டுக்கு வந்ததும் மதினி வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை வைப்பார். செருப்பு வார் பதிந்த தடம் விடியும்வரை மறையாது. பிள்ளை நோட்டை நீட்டினால் எரிந்து விழுகிறார். இவர் மனத்தையா மாற்றச் சொல்கிறீர்கள்? அந்த நைட்டிக் கட்டை இறக்கச் சொல்லுங்கள் ஐயா!

மதினி பாசத்தில் பேசுகிறான் என்பீர்கள். சரி, உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்போம். 'பர்ன்அவுட்', அதாவது வேலையால் ஆள் சோர்ந்து ஓய்ந்துபோவது, பணியிடத்தில் தீர்க்கப்படாமல் நாள்பட்டுப்போன அழுத்தத்தால் வருவது என்று 2019-இல் விளக்கம் தந்தது. அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று 2021-இல் சொன்னதும் அதே நிறுவனம்தான். மதினியின் வாரக் கணக்கை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

கடலோடியின் மன உறுதியைப் பார் என்றார் எதிரணி அண்ணன். பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எதற்கு? மீன் நிம்மதியாக முட்டையிட! மீனுக்கு ஓய்வு அரசாணையில். மனிதனுக்கு ஓய்வு மூச்சுப் பயிற்சியில். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். பாசி வளரத்தான் அந்த ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் சேர்ந்து கரையில் நிற்பதால் ஒருத்திக்கும் 'நாம் போகாமல் இருந்துவிட்டோமே' என்ற பதைப்பு இல்லை. முறை மாறியது, மனம் தானாக அடங்கியது.

மனம் ஒடிந்துபோனவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டுப் பேசுங்கள், காசு கிடையாது. இதில் எதிரணியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பேசி முடித்து மறுநாள் போய் நிற்பது அதே ஸ்டூல் பக்கத்தில்தானே?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, மைக் செட் தம்பி சாயங்காலத்திலிருந்து தூணைப் பிடித்து நிற்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, அப்புறம் தீர்ப்பைச் சொல்லுங்கள்.