கல்வெட்டில் இல்லாத அப்பப்பா

வணக்கம் நேயர்களே. எங்கள் வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். ஒரு படம், தோத்திரப் பாடல்கள், வம்சவழி, ‘தர்மசீலர்’ என்று நாலு வரி. என் அப்பப்பாவின் கல்வெட்டும் என்னிடம் இருக்கிறது. பிறந்த திகதி உண்டு, பெண் எடுத்த ஊர் உண்டு. ஆளைத்தான் காணவில்லை. பெயரை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

அவர் தீவுப்பகுதியிலிருந்து வந்து கொழும்புப் புறக்கோட்டைச் சுருட்டுக்கடை ஒன்றில் சிப்பந்தியாக இருந்தவர். வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய மகளான மாமியிடம், "அப்பப்பா எப்படிப்பட்டவர்?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "நல்ல மனிசன்" என்பதோடு கதை முடிந்துவிடும். பிழை மாமியில் இல்லை, என் கேள்வியில். ஒருநாள் மாற்றிக் கேட்டேன்: "கடை பூட்டினாப் பிறகு அவர் எங்க படுக்கிறவர், மாமி?"

மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கடைக்குள்ளதான். சாக்கு விரிச்சு, வேட்டியை மடிச்சுத் தலைக்கு வைச்சு. ஊருக்கு வந்தா அம்மா ஐயான்ர உடுப்பை றங்குப்பெட்டிக்குள்ள வைக்க விடமாட்டா. எத்தனை தரம் தோய்ச்சாலும் புகையிலை மணம் போகாது." வேலியில் தனியாகக் காய்கிற அந்த வேட்டியை மனக்கண்ணில் பார்த்த பிறகுதான் அப்பப்பா எனக்கு ஒரு மனிதரானார்.

அவருடைய கணக்குக் கொப்பி ஒன்றும் அகப்பட்டது. சவரம், தபால்தலை, நல்லெண்ணெய், ட்ராம். கொழும்பில் மின்சார ட்ராம் 1899இல் தொடங்கி 1960இல் நின்றுபோனது. கோட்டையிலிருந்து புறக்கோட்டை வழியாகக் கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை. கடையிலேயே படுக்கிற மனிதர் ஞாயிறுகளில் மட்டும் ட்ராம் ஏறி எங்கே போனார்? கோயிலுக்கு என்கிறார் மாமி. படம் பார்க்க என்பது என் ஊகம். இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். ஊகத்தை உண்மைபோல் எழுதிவிட்டால், அதுவும் இன்னொரு கல்வெட்டுத்தான்.

சில கதைகளைச் சரிபார்க்கவும் முடியும். கொழும்பில் குண்டு விழுந்த அன்று அப்பப்பா பாதிப் புட்டோடு எழும்பி ஓடினாராம். சோடனை என்றுதான் நினைத்தேன். ஆனால் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் வந்தது காலை 7.30 மணியளவில். புட்டுச் சாப்பிடுகிற நேரம்தான். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கிவிட்டன. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைக் கேட்டுப் பார்க்கலாம். தலைப்புச் செய்தியோடு எழும்பிவிடாதீர்கள். துணிக்கடை, சவர்க்காரம், மருந்தெண்ணெய் விளம்பரங்களையும் பாருங்கள். உங்கள் ஆட்கள் காசு கொடுத்து வாங்கியது அவற்றைத்தான்.

மாமிக்கு இப்போது 88 வயது. அந்தப் புட்டுக்கு என்ன கறி என்று கேட்க மறந்துவிட்டேன். வருகிற ஞாயிறு வெள்ளவத்தைக்குப் போகிறேன்.